மயில்துத்தம் கரைத்த மூன்றாம் நாள்

குளத்துத் தண்ணீர் பச்சை கட்டிவிட்டால் முதலில் காதில் விழும் யோசனை மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். நீலக் கட்டிகளைச் சாக்கில் போட்டு, சாக்கைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டே போனால் கரைந்துவிடும். மூன்றாம் நாள் தண்ணீர் தெளிந்திருக்கும். பாசி செத்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள்.

அந்த மூன்றாம் நாளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. நீரில் கலக்கும் மாசு நன்னீர்ப் பாசியைக் கொல்கிறதா, வளர்க்கிறதா என்று கேட்டால் இரண்டுக்கும் ஆதாரம் கிடைக்கும். எந்தப் பாசி தங்கும், எது போகும் என்று பொறுக்கி எடுப்பதுதான் மாசு செய்கிற பெரிய வேலை. அதைக் காட்ட மயில்துத்தம் மிகவும் தோதான பொருள். சாக்கடையும் சாயக் கழிவும் எப்போது வந்தன, எவ்வளவு வந்தன என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இதை நாமே தராசில் நிறுத்து, நாள் பார்த்துக் கொட்டுகிறோம். கணக்கு முழுவதும் கையில் இருக்கிறது.

பழக்கமும் பழையது. 1904-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த மூர், கெல்லர்மேன் என்ற இருவர் குடிநீர்த் தேக்கங்களில் பாசியை ஒழிக்கக் காப்பர் சல்பேட் போடலாம் என்று அறிக்கை எழுதினார்கள். சாக்கில் கட்டிப் படகின் பின்னால் இழுக்கும் முறை அந்தக் காலத்திலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது.

செம்பு உள்ளே போய் என்ன செய்கிறது

மயில்துத்தத்தின் எடையில் 25.5 சதவீதம் செம்பு. ஒரு கிலோ கரைத்தால் 255 கிராம் செம்பு நீரில் இறங்குகிறது. மீதி சல்பேட்டும் படிக நீரும். பாசிக்கு அவற்றால் தொல்லை இல்லை.

செம்பு பாசிக்கு அந்நியமான பொருளும் அல்ல. ஒளிச்சேர்க்கையில் ஓர் ஒளி அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு எலக்ட்ரானைக் கடத்தும் பிளாஸ்டோசயனின் என்ற புரதத்தின் நடுவில் இருப்பது செம்பு அணுதான். செம்பு கிடைக்காத நீரில் சில பாசிகள் இரும்பு கொண்ட வேறொரு புரதத்தை வைத்துச் சமாளிக்கின்றன. ஆக, செம்பு அவர்கள் வீட்டுச் சாமான். அளவு மிஞ்சும்போதுதான் வினை. செல்சவ்வில் ஓட்டை விழுந்து உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கசிகிறது. செல்லைக் காக்கும் குளூட்டத்தயோன் தீர்ந்துபோகிறது. பச்சையத்தின் நடுவே இருக்கும் மக்னீசியத்தைச் செம்பு தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குறைந்த அளவுகளில் முதலில் நிற்பது செல் பிரிதல்தான். ஒளிச்சேர்க்கை அதன் பிறகும் ஓடிக்கொண்டிருக்கலாம். உணவு சேர்கிறது, பிரிய முடியவில்லை, செல் ஊதுகிறது. நுண்ணோக்கியில் நான்கு நான்காக ஒட்டி நிற்கும் சீனிடெஸ்மஸ் என்ற பச்சைப் பாசியின் செல்கள் கொழுத்துப் போயிருக்கும். பச்சையத்தை மட்டும் அளந்தால் பாதிப்புக் குறைவு என்று தோன்றும். செல்லை எண்ணினால்தான் வளர்ச்சி நின்றுபோனது தெரியும். ஒரே குடுவைக்கு இரண்டு பேர் இரண்டு முடிவு சொல்வது இப்படித்தான்.

நீரில் இருக்கும் செம்பு எல்லாம் பாசியைத் தொடுவதும் இல்லை. தனித்துத் திரியும் செம்பு அயனிதான் செல்லின் மேற்பரப்பில் போய் ஒட்டுகிறது. கார்பனேட்டோடு சேர்ந்தது, இலை மக்கிய பழுப்பு நீரில் உள்ள கரிமப் பொருளோடு சேர்ந்தது, களிமண் துகளில் ஒட்டியது எல்லாம் கட்டிப்போட்ட மாடு மாதிரி. இருக்கும், ஆனால் மேயாது. பிஎச் குறைந்தால், அதாவது நீர் அமிலமானால், தனி அயனி கூடுகிறது. ஆனால் அமில நீரில் நிறைந்திருக்கும் ஹைட்ரஜன் அயனிகள் செல்லின் மேல் அதே இடத்துக்குப் போட்டி போடுவதால், ஒவ்வொரு செம்பு அயனியும் செய்யும் கேடு குறைகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. 'இத்தனை மில்லிகிராம் போட்டால் பாசி சாகும்' என்று எல்லாக் குளத்துக்கும் ஒரே எண்ணைச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

மீன் வளர்ப்பில் பின்பற்றும் விதி இதைக் கணக்கில் எடுக்கிறது: நீரின் மொத்தக் காரத்தன்மையை (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்ற கணக்கில்) 100-ஆல் வகுத்தால் வருவது, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் மயில்துத்தம் என்ற உச்ச அளவு. காரத்தன்மை 120 என்றால் 1.2 மில்லிகிராம். 50-க்குக் கீழே இருந்தால் போடவே கூடாது, மீனுக்கு ஆபத்து. 250-க்கு மேலே போனால் செம்பு கார்பனேட்டாக வீழ்படிந்து, பாசிக்கு எட்டாமல் நேராகச் சேற்றுக்குப் போய்விடும். காரத்தன்மையை அளக்காமல் மயில்துத்தம் போடுவது, எடை தெரியாத குழந்தைக்கு மருந்து கொடுப்பதற்குச் சமம்.

கணக்குத் தவறும் இடங்கள் சாதாரணமானவை. குளத்தின் சராசரி ஆழத்துக்குப் பதில் கரையோரத்து ஆழமான இடத்தை அளந்து பெருக்கிவிடுவார்கள். அளவு ஒன்றரை மடங்காகும். மழைக்காலத்து நீர்ப்பரப்பை வைத்துக் கோடையில் கணக்குப் போடுவார்கள். இரும்பு வாளியிலோ தகர வாளியிலோ கரைப்பார்கள். செம்பு வாளியின் உட்புறத்தில் செந்நிறமாகப் படிந்துவிட்டு, பதிலுக்கு இரும்பும் துத்தநாகமும் கரைசலில் இறங்கும். பிளாஸ்டிக் வாளிதான் சரி. இன்னொன்று, முழுக் குளத்துக்கும் ஒரே நாளில் போடுவது. செத்த பாசி மக்கும்போது ஆக்சிஜனைத் தின்னும். அதை உண்டாக்கிக்கொண்டிருந்த பாசியும் இல்லை. அடுத்த விடியலில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குப் போட்டுவிட்டுச் சில நாள் விட்டு அடுத்த பங்கைத் தொடுவது அதனால்தான்.

தெளிந்த நீரில் என்ன இருந்தது

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்துக் கடலோரத்தில் பாம் தீவு என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் பழங்குடி மக்கள் வாழும் இடம். அவர்களுக்குக் குடிநீர் சாலமன் அணையிலிருந்து வந்தது. 1979-இல் அணை நீரில் பாசி பெருகி, வாடையும் சுவைக்கேடும் என்று மக்கள் முறையிட்டார்கள். காப்பர் சல்பேட் போட்டார்கள். சில நாட்களில் வாந்தி, வீங்கிய கல்லீரல், பிறகு சிறுநீரகப் பாதிப்பு, இரத்தத்தோடு வயிற்றுப்போக்கு என்று நோய் பரவியது. பாதிக்கப்பட்டவர்கள் 148 பேர். அதில் 138 பேர் குழந்தைகள். காரணம் பிடிபடாமல் 'பாம் தீவு மர்ம நோய்' என்றே அதற்குப் பெயர் வந்தது.

பின்னால் தெரிந்தது: அந்த அணையில் இருந்தது சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சிஸ் ராசிபோர்ஸ்கியை என்ற நீலப்பச்சைப் பாசி. இப்போது அதன் பேரினப் பெயர் ராஃபிடியாப்சிஸ். அது உண்டாக்கும் நஞ்சின் வேதி அமைப்பு 1992-இல் வெளியானது. சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின் என்று பெயரிட்டார்கள். உயிரோடு இருந்த பாசியின் செல்லுக்குள் அடைபட்டிருந்த நஞ்சு, செம்பு செல்லை உடைத்ததும் மொத்தமாக நீரில் இறங்கியிருக்கிறது. பச்சையாக இருந்தபோது வடிகட்டியில் பாசியோடு சேர்த்துப் பிடித்திருக்கக்கூடிய நஞ்சு, தெளிந்த பிறகு சாதாரண மணல் வடிகட்டியில் நிற்காது.

மைக்ரோசிஸ்டிஸ் பாசியின் நஞ்சான மைக்ரோசிஸ்டினுக்கும் இதே கதைதான். அதுவும் பெரும்பாலும் செல்லுக்குள்தான் இருக்கும். ஆஸ்திரேலிய ஏரி ஒன்றில் செம்பு கலந்த பாசிக்கொல்லி போட்ட பிறகு தொடர்ந்து அளந்தபோது, கரைந்த மைக்ரோசிஸ்டின் 9 நாட்கள் அசையாமல் நின்று, அதன் பிறகுதான் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கத் தொடங்கின. கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு அது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் மைக்ரோசிஸ்டினுக்கு வைத்திருக்கும் வாழ்நாள் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சினுக்கு 0.7. மூன்றாம் நாள் தெளிந்த நீரைப் பார்த்து மோட்டாரைப் போடுகிறவர், குளத்தின் மிக மோசமான நீரை எடுக்கிறார். ஒரு குளத்தில் குடிநீர்க் குழாய் இருந்தால், அங்கே நீலப்பச்சைப் பாசி பெருகிய பிறகு மயில்துத்தத்தைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. போட்டே ஆக வேண்டும் என்றால் செல் எண்ணிக்கை குறைவாக இருக்கும் தொடக்கத்தில் போட வேண்டும். பச்சை பெயின்ட் கொட்டியது போல ஏடு கட்டிய பிறகு அந்தக் காலம் கடந்துவிட்டது.

நீண்டகால விளைவுக்கு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ஃபேர்மான்ட் ஏரிகளைப் பார்க்க வேண்டும். ஆழமில்லாத ஐந்து ஏரிகள். 58 ஆண்டுகள் அங்கே காப்பர் சல்பேட் போட்டார்கள். அதன் பக்க விளைவுகளை ஹான்சன், ஸ்டீஃபன் இருவரும் 1984-இல் தொகுத்து எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் பாசி செத்தது. செத்த பாசி ஆக்சிஜனை இழுத்தது. ஆக்சிஜன் குறைந்த அடிச்சேற்றிலிருந்து பாஸ்பரஸ் வேகமாக மேலே வந்தது. 7 முதல் 21 நாட்களுக்குள் பாசி பழைய அளவுக்குத் திரும்பியது. ஆண்டுக்கணக்கில் நடந்தது அதைவிடக் கவலைக்குரியது: சேற்றில் செம்பு சேர்ந்தது, சில பாசிகள் செம்பைத் தாங்கப் பழகியதால் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது, அடியில் வேரூன்றும் நீர்த்தாவரங்கள் மறைந்தன, சேற்றில் வாழும் சிற்றுயிர்கள் குறைந்தன. பச்சைப் பாசிகள் இருந்த இடத்தை நீலப்பச்சைப் பாசிகள் பிடித்தன.

இங்கே ஒரு முரண் தட்டுப்படும். சோதனைக் குடுவையில் தனிச் செல்லாக வளர்த்தால், பச்சைப் பாசியைவிட நீலப்பச்சைப் பாசிதான் பொதுவாகச் செம்புக்குச் சீக்கிரம் மடியும். அப்படியிருக்க, குளத்தில் அது எப்படி வென்றது? குளத்தில் மைக்ரோசிஸ்டிஸ் தனிச் செல்லாக இருப்பதில்லை. கூழ் போன்ற உறைக்குள் நூற்றுக்கணக்கில் கூடியிருக்கும். வெளி வரிசைச் செல்கள் வெளுத்துச் செத்தாலும் கூழில் செம்பு சிக்கிக்கொள்வதால் உள்ளே இருப்பவை பிழைக்கும். ராஃபிடியாப்சிஸ், அனபீனா போன்றவை தடித்த சுவருள்ள உறங்கு செல்களைச் சேற்றில் போட்டுவைத்திருக்கும். பாசியைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த நீர்த்தெள்ளுகள், பாசிக்குத் தேவைப்படுவதைவிடக் குறைந்த செம்பிலேயே பல நேரம் சாகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக எண்ணிக்கை. மில்லிலிட்டருக்கு 1 லட்சம் செல் என்றால் ஒரு லிட்டரில் 10 கோடி. அந்தக் கூட்டத்தில் செம்பைத் தாங்கும் சில திடீர் மாற்றச் செல்கள் மயில்துத்தம் வருவதற்கு முன்பே இருக்கும். மைக்ரோசிஸ்டிஸில் இதை ஆய்வகத்தில் காட்டி 2004-இல் வெளியிட்டிருக்கிறார்கள். மயில்துத்தம் போட்டி போடும் மற்றவர்களை அகற்றி, இவற்றுக்குக் குளத்தைக் காலி செய்து கொடுக்கிறது.

சேற்றில் சேரும் செம்பையும் ஒரு முறை கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். ஒரு ஏக்கர் குளம், சராசரி ஆழம் 1.5 மீட்டர், நீரின் அளவு சுமார் 6,070 கன மீட்டர். லிட்டருக்கு 1.2 மில்லிகிராம் வீதம் 7.3 கிலோ மயில்துத்தம். அதில் செம்பு 1.85 கிலோ. வெளியேற வழி இல்லாத குளத்தில் அவ்வளவும் அடியில் படியும்: சதுர மீட்டருக்கு 0.46 கிராம். மேலடுக்கு 5 சென்டிமீட்டர் சேறு, உலர்ந்த எடை கன மீட்டருக்கு 500 கிலோ என்று வைத்தால், சதுர மீட்டருக்கு 25 கிலோ சேறு. ஒரு தவணைக்குக் கிலோவுக்கு 18 மில்லிகிராம் செம்பு கூடுகிறது. நன்னீர்ச் சேற்றுக்குப் பரவலாகப் பயன்படும் எல்லைகளில், 31.6 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அடிவாழ் உயிர்களுக்குக் கேடு அரிது. 149-க்கு மேலே போனால் கேடு பெரும்பாலும் உண்டு. இரண்டாம் தவணையில் முதல் எல்லையைத் தாண்டுகிறோம். எட்டாம் தவணையில் மேல் எல்லைக்கு வந்துவிடுகிறோம். சேற்றில் ஏற்கெனவே இருக்கும் செம்பை இதில் சேர்க்கவில்லை.

72 மணி நேரச் சோதனை

குளத்து நீரோ கழிவோ உப்போ, பாசியை எந்த அளவில் பாதிக்கிறது என்று அளக்கும் முறை, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓஇசிடியின் 201-ஆம் எண் வழிகாட்டி. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் செய்துவிடலாம். செலவைவிடக் கவனம்தான் அதிகம் பிடிக்கும்.

பாசி: ராஃபிடோசெலிஸ் சப்கேபிடேட்டா. பிறை நிலா வடிவப் பச்சைச் செல். 1959-இல் நார்வேயின் நிட்டெல்வா ஆற்றிலிருந்து எடுத்த ஒரே வளர்ப்பின் வழிவந்தவைதான் உலகெங்கும் இதற்குப் பயன்படுகின்றன. பழைய நூல்களில் செலினாஸ்ட்ரம் கேப்ரிகார்னூட்டம் என்றும், சூடோகிர்ச்னெரியெல்லா என்றும் இருக்கும்; மூன்றும் ஒன்றே.

இனி ஊடகம், அதாவது பாசி வளரும் சத்துக் கரைசல். நம் கல்லூரிகளில் மிக அதிகமாக நடக்கும் பிழை இங்கேதான். பாசி வளர்க்க எல்லோரும் வைத்திருப்பது போல்டு பேசல் ஊடகம். அதில் உலோகங்களைக் கரைசலில் பிடித்துவைக்க லிட்டருக்கு 50 மில்லிகிராம் இடிடிஏ இருக்கிறது. அது 171 மைக்ரோமோல். ஒரு மூலக்கூறு ஒரு செம்பு அயனியைக் கட்டும் என்பதால், லிட்டருக்குச் சுமார் 10.9 மில்லிகிராம் செம்பு வரை கட்டிப்போடும் திறன் அந்த ஊடகத்துக்கு உண்டு. போதாததற்கு ஊடகத்தின் சொந்தச் செம்பே 0.4 மில்லிகிராம். அதில் பாசி கொழிக்கிறது. இந்த ஊடகத்தில் செம்பைச் சோதித்துவிட்டு '5 மில்லிகிராம் வரை பாதிப்பில்லை' என்று எழுதினால், அளந்தது இடிடிஏவின் கொள்ளளவை. பாசியின் தாங்குதிறனைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது.

ஓஇசிடி ஊடகத்தில் இடிடிஏ லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான், அதாவது 0.27 மைக்ரோமோல். அது முழுவதும் செம்பைப் பிடித்தாலும் 17 மைக்ரோகிராமுக்கு மேல் முடியாது. அதிலும் பெரும்பங்கு இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். மற்றவை லிட்டருக்கு மில்லிகிராமில்: அம்மோனியம் குளோரைடு 15, மக்னீசியம் குளோரைடு 12, கால்சியம் குளோரைடு 18, மக்னீசியம் சல்பேட் 15, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1.6, சோடியம் பைகார்பனேட் 50, ஃபெரிக் குளோரைடு 0.064, பிறகு நுண்சத்துகள். பிஎச் 8.1-ஐ ஒட்டி இருக்கும்.

செம்புத் தாய்க் கரைசலுக்கு 3.93 கிராம் மயில்துத்தத்தை ஒரு லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் செம்பு. அதை நூறு மடங்கு நீர்த்தால் 10 மில்லிகிராம். குடுவையில் 100 மில்லிலிட்டர் ஊடகம். லிட்டருக்கு 64 மைக்ரோகிராம் செம்பு வேண்டும் என்றால் இந்த நீர்த்த கரைசல் 0.64 மில்லிலிட்டர். முதல் ஓட்டத்தில் லிட்டருக்கு 1, 10, 100, 1,000 மைக்ரோகிராம் என்று அகல வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்ததில் 4, 8, 16, 32, 64, 128 என்று நெருக்க வேண்டும். அடுத்தடுத்த அளவுகளுக்கு இடையே 3.2 மடங்குக்கு மேல் இடைவெளி கூடாது. ஒவ்வோர் அளவுக்கும் 3 குடுவை. செம்பில்லாத ஒப்பீட்டுக்கு 6.

குடுவைகள் 250 மில்லிலிட்டர் கூம்பு வடிவம். 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓரிரவு ஊறவைத்து, வாலை வடிநீரில் பலமுறை அலச வேண்டும். போன சோதனையின் செம்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒப்பீட்டுக் குடுவையே நோயாளியாகிவிடும். சோப்புத்தூள் கிட்டவே வரக் கூடாது.

தொடக்கத்தில் மில்லிலிட்டருக்கு 10,000 செல். இதை நேரடியாக எண்ண முயலாதீர்கள். நியூபவர் எண்ணும் தட்டில் ஒரு சதுர மில்லிமீட்டர் கட்டத்தில் நிற்பது 0.1 மைக்ரோலிட்டர், 10,000 செல்லில் அந்தக் கட்டத்துக்கு ஒரு செல் வரும். ஒன்றா இரண்டா என்பதில் பாதிப் பிழை. அடர்ந்த வளர்ப்பை எண்ணி, மில்லிலிட்டருக்கு 10 லட்சமாகச் சரிசெய்து, அதில் 1 மில்லிலிட்டரை 100-இல் விட வேண்டும். அந்த வளர்ப்பு 2 முதல் 4 நாட்களுக்கு முன் இதே ஊடகத்தில் தொடங்கி, வேகமாகப் பெருகும் நிலையில் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த குப்பியிலிருந்து எடுத்தால் முதல் நாள் முழுவதும் சோம்பிக் கிடக்கும். கை தாராளமாகி அதிகச் செல்லை விடுவதும் கெடுதல். செல்கள் தாங்களே செம்பை உறிஞ்சிப் பங்கு போட்டுக்கொள்வதால் நஞ்சு குறைவாகத் தெரியும்.

வெப்பம் 21 முதல் 24 டிகிரி. நம் கோடையில் குளிர்சாதனம் இல்லாமல் இது நடக்காது. விளக்கின் சூடும் குடுவையில் இரண்டு டிகிரி ஏற்றும் என்பதால் அறையை அளக்காமல் குடுவை நீரை அளக்க வேண்டும். வெளிச்சம் 4,440 முதல் 8,880 லக்ஸ், அணையாமல். ஓரத்தில் நிற்கும் குடுவைக்கு ஒளி குறையும், ஆகவே தினமும் இடம் மாற்றி வைக்க வேண்டும். ஓயாமல் ஆட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் செல்கள் அடியில் படியும், கரியமில வாயு உள்ளே வராது, பிஎச் ஏறும். ஏறினால் செம்பின் நிலையும் மாறிவிடும்; மூன்றாம் நாள் பாசி சந்திக்கும் செம்பு முதல் நாள் போட்ட செம்பாக இருக்காது. ஒப்பீட்டுக் குடுவையில் பிஎச் 1.5-க்கு மேல் ஏறக் கூடாது. செம்பின் அளவைத் தொடக்கத்திலும் முடிவிலும் அணு உறிஞ்சல் கருவியில் அளந்துவிடுவது நல்லது.

24, 48, 72 மணியில் எண்ண வேண்டும். உடனே எண்ண முடியாவிட்டால், செல்லைக் கெடாமல் வைக்க லுகால் அயோடின் இரண்டு மூன்று சொட்டு, வெளிர் தேநீர் நிறம் வரும் வரை. ஒப்பீட்டுக் குடுவைகளில் 72 மணியில் செல் குறைந்தது 16 மடங்காகியிருக்க வேண்டும். ஆகாவிட்டால் மற்ற எண்களைப் பார்க்கவே தேவையில்லை, திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

இப்போது கணக்கு. ஒப்பீட்டில் 10,000 செல் 8,00,000 ஆனது. மடங்கு 80, அதன் இயல் மடக்கை 4.38, மூன்றால் வகுத்தால் நாளுக்கு 1.46. செம்புக் குடுவையில் 10,000 செல் 90,000 ஆனது. மடங்கு 9, மடக்கை 2.20, நாளுக்கு 0.73. வளர்ச்சி வேகத்தில் தடை 50 சதவீதம். இதையே கடைசியில் விளைந்த செல்லை வைத்துச் சொன்னால்? 7,90,000 விளைய வேண்டிய இடத்தில் 80,000; தடை 90 சதவீதம். குடுவை ஒன்று, எண்ணிக்கை ஒன்று, முடிவில் நாற்பது சதவீத வித்தியாசம். எந்த ஆய்வறிக்கையில் 'பாதியாகக் குறைக்கும் அளவு' என்று பார்த்தாலும், வேகத்தின் பாதியா விளைச்சலின் பாதியா என்று முதலில் தேடிப் பார்க்க வேண்டும். அதைச் சொல்லாத அறிக்கையின் எண்ணை மற்றதோடு ஒப்பிட வழியில்லை. வேகத்தை வைத்துச் சொல்வதுதான் சரி என்பேன். விளைச்சல் எண் சோதனை எத்தனை நாள் ஓடியது என்பதைப் பொறுத்தே மாறிவிடும்.

உப்பு மாறினால், கழிவு மாறினால்

தனிப் பொருளுக்குப் பதில் குளத்து நீரையே சோதிக்கும்போது வேறு சிக்கல்கள் வரும். முதலில் 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி, அதன் சொந்தப் பாசியை நீக்க வேண்டும். பிறகு எல்லாக் குடுவைக்கும் ஊடகச் சத்துகளை முழு அளவில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் பாசி வளராதது நஞ்சாலா பட்டினியாலா என்று பிரிக்க முடியாது. மறுபக்கம், சாக்கடை கலந்த நீரில் பாஸ்பேட்டும் அம்மோனியாவும் மிகுந்து, நஞ்சை மீறிப் பாசி ஒப்பீட்டைவிட அதிகமாக வளர்ந்து காட்டும். 'இந்த நீர் பாசிக்கு நல்லது' என்று அதைப் படித்துவிடக் கூடாது. 6, 12, 25, 50, 100 சதவீதம் என்று நீர்த்துப் பார்த்தால், குறைந்த அளவில் ஊட்டமும் கூடிய அளவில் தடையும் வளைவில் தனித்தனியாகத் தெரியும்.

திருப்பூர் சாயக் கழிவு கலந்த நொய்யல் நீர் போன்ற நிறமுள்ள மாதிரியில் நிறமே ஒளியை விழுங்கும். பாசி ஒளியின்றி வாடுவதை நஞ்சு என்று எண்ணாமலிருக்க, தெளிந்த ஊடகத்தில் பாசி உள்ள குடுவையைச் சாய நீர் நிரப்பிய பெரிய பாத்திரத்துக்குள் வைத்து ஒரு தொகுதி ஓட்ட வேண்டும். அங்கும் வளர்ச்சி குறைந்தால் அந்தப் பங்கு நிழலின் கணக்கு. அதோடு அந்தக் கழிவில் உப்பும் மிகுதி. மின்கடத்துத்திறனை அளந்து, அதே அளவு சோடியம் குளோரைடு மட்டும் கலந்த குடுவையையும் பக்கத்தில் வைத்தால்தான் சாயத்தின் பங்கு பிரியும்.

களைக்கொல்லிகள் வேறு வகை. டையூரான், அட்ரசின் இரண்டும் ஒளிச்சேர்க்கையின் இரண்டாம் ஒளி அமைப்பில் டி1 என்ற புரதத்தில் அமர்ந்து எலக்ட்ரான் ஓட்டத்தை அடைக்கின்றன. செல் உடையாது, பட்டினி கிடக்கும். நல்ல நீருக்கு மாற்றினால் சீக்கிரம் தேறிவிடும். செம்பைப் போலச் செல்லை உடைத்து நஞ்சை வெளியேற்றும் ஆபத்து இங்கே குறைவு, ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் நாட்கணக்கில் நீடிக்கும்.

கரிமக் கழிவுக்குக் குடுவைகூட வேண்டாம். 1969-இல் பாமர் என்பவர் 20 பேரினங்களுக்கு மதிப்பெண் கொடுத்துப் பட்டியல் போட்டார். யூக்ளினா, ஆசிலட்டோரியா 5, சீனிடெஸ்மஸ், கிளாமிடோமோனாஸ் 4, குளோரெல்லா, நேவிக்குலா, நிட்சியா 3, குளோஸ்டீரியம் 1. மில்லிலிட்டருக்கு 50-க்குக் குறையாமல் இருக்கும் பேரினங்களின் மதிப்பெண்ணைக் கூட்டி 20 அல்லது அதற்கு மேல் வந்தால் கடும் கரிமக் கழிவு. 15 முதல் 19 என்றால் பெரும்பாலும் உண்டு. எளிய முறை, பள்ளி நுண்ணோக்கியே போதும். ஆனால் மயில்துத்தம் போட்ட குளத்தில் இதை நம்பக் கூடாது. கழிவு அப்படியே இருக்கும். மதிப்பெண் வாங்க வேண்டிய பாசிகள் செம்பால் போயிருக்கும். சாக்கடை நீரில் சுத்த நீரின் மதிப்பெண் வரும்.

72 மணி முடிந்ததும் குடுவைகளைக் கழுவிவிடுவது வழக்கம். அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வளர்ச்சி முழுவதும் நின்ற குடுவையிலிருந்து 1 மில்லிலிட்டர் எடுத்து, செம்பில்லாத புது ஊடகம் 100 மில்லிலிட்டரில் விட்டு, அதே வெளிச்சத்தில் வைக்க வேண்டும். தேதி எழுதி ஒட்டிவிட்டு, தினமும் ஒரு முறை வெள்ளைத்தாளைப் பின்னால் பிடித்துப் பார்க்க வேண்டும். மூன்று வாரமும் நிறமில்லாமல் இருந்தால் அந்த அளவு பாசியைக் கொன்றிருக்கிறது. ஏழாம் நாளோ ஒன்பதாம் நாளோ அடியில் மெல்லிய பச்சைப் படலம் தெரிந்தால், செம்பு அதை நிறுத்திவைத்திருந்தது, அவ்வளவுதான். அந்தப் பச்சையை மறுபடி வளர்த்து, அதே செம்பு வரிசையில் இன்னொரு 72 மணி ஓட்டிப் பாருங்கள். பாதித் தடைக்கு முதல் முறை தேவைப்பட்ட அளவையும் இப்போது தேவைப்படும் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.